ராபிட் ஹோல் பார்த்தவர்களும் பார்க்கப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

"நல்ல குடும்பப் படம் ஒன்னு சொல்லுங்க, ஆனா சீரியல் மாதிரி இருக்கக் கூடாது" என்று யார் கேட்டாலும் நான் ராபிட் ஹோலைத்தான் சொல்வேன். பார்த்துவிட்டு முக்கால்வாசிப் பேர் அதே சந்தேகங்களோடு திரும்பி வருகிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன், கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இருக்கட்டும். முதல் நான்கு கேள்விகள் வரை படம் பார்க்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். அதற்குக் கீழே எல்லா ரகசியமும் உடையும்.

இது என்ன படம்? கதை என்னன்னு ரெண்டு வரியில சொல்லுங்க.

2010-ல் வந்த அமெரிக்கப் படம். நியூயார்க் நகரை ஒட்டிய வசதியான புறநகரில் பெக்கா, ஹவி என்று ஒரு தம்பதி. அவர்களுடைய ஒரே மகன் டேனி, நாலு வயது, எட்டு மாதத்துக்கு முன்னால் வீட்டு வாசலிலேயே கார் மோதி இறந்துவிட்டான். அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பதுதான் கதை. பெக்காவாக நிக்கோல் கிட்மன், ஹவியாக ஆரன் எக்கார்ட். 91 நிமிடம்தான். விசாரணை, பழிவாங்கல், கடைசியில் ஒரு பெரிய உண்மை வெளியே வருவது, இதெல்லாம் எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

உண்மைக் கதையா?

இல்லை. டேவிட் லிண்ட்சே-அபேர் என்ற அமெரிக்க நாடக ஆசிரியர் எழுதிய நாடகம் இது. 2006-ல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் மேடையேறியது, அதில் பெக்காவாக நடித்த சிந்தியா நிக்சனுக்கு அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது கிடைத்தது. அடுத்த வருஷம் நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: தேர்வுக் குழு பரிந்துரைத்த மூன்று நாடகங்களில் இது இல்லவே இல்லை, புலிட்சர் வாரியம் அந்த மூன்றையும் தள்ளிவிட்டு இதை எடுத்தது.

லிண்ட்சே-அபேர் அதுவரை விசித்திரமான, சிரிப்பு நாடகங்கள் எழுதிக்கொண்டிருந்தவர். நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைக் கல்லூரியில் படித்தபோது ஆசிரியர் மார்ஷா நார்மன், உனக்கு எதைக் கண்டால் ரொம்பப் பயமோ அதை எழுது என்று சொன்னாராம். அப்போது அது பெரிதாகப் புரியவில்லை. பிற்பாடு தனக்கே ஒரு மகன் பிறந்து, தெரிந்தவர்கள் வீட்டுக் குழந்தைகள் திடீரென்று இறந்த செய்திகள் காதில் விழுந்தபோதுதான் எதைக் கண்டால் பயம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. திரைக்கதையையும் அவரே எழுதினார். இயக்கியவர் ஜான் கேமரன் மிட்செல், இவர் பதின்ம வயதில் தன் சின்னத் தம்பியைப் பறிகொடுத்தவர்.

பேரைப் பார்த்து ஏதோ குழந்தைகள் படம், இல்லாட்டி பேய்ப் படம்னு நினைச்சேன். ஏன் இந்தப் பேர்?

படத்தில் வரும் ஒரு பள்ளிக்கூடப் பையன் வரைகிற காமிக்ஸின் பெயர் அது. அந்தக் காமிக்ஸ் எதைப் பற்றி என்பது கொஞ்சம் கீழே வரும், இப்போது சொன்னால் கெட்டுவிடும். பேய் இல்லை, முயலும் இல்லை.

ரொம்ப அழுகாச்சியா இருக்குமா? நான் அதெல்லாம் தாங்க மாட்டேன்.

பயந்த அளவுக்கு இல்லை. இழவு வீட்டில் யாராவது எசகுபிசகாக ஏதாவது சொல்ல, எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரிச் சிரிப்பு படம் முழுக்க உண்டு. பெக்காவின் தங்கை இஸ்ஸி வாயைத் திறந்தாலே ஏதாவது வம்புதான். அழுகைக் காட்சிகளைக் கிட்மன் கஞ்சத்தனமாகவே செலவு செய்கிறார். அந்த வருஷம் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, பரிசு நட்டாலி போர்ட்மனுக்குப் போனது.

சரி, விபத்து எப்படித்தான் நடந்துச்சு? முழுசா காட்டவே இல்லையே.

காட்டாததுதான் படத்தின் முதல் புத்திசாலித்தனம். ஆளாளுக்கு ஒரு துண்டாகச் சொல்வதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு நாய் தெருவுக்கு ஓடியது, அதைத் துரத்திக்கொண்டு டேனி ஓடினான். கேட்டில் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து இஸ்ஸி போன் செய்தாள், பெக்கா எடுக்க உள்ளே போனாள். காரை ஓட்டி வந்தவன் ஜேசன் என்ற பள்ளி மாணவன், நாய் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்துத் திருப்பினான். முப்பது மைல் வரம்புள்ள தெருவில் தான் ஒருவேளை இரண்டு மூன்று மைல் கூடுதலாகப் போயிருக்கலாம் என்று அவனே பிற்பாடு பெக்காவிடம் சொல்கிறான். நம் கணக்கில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட வராது.

நாய், தாழ்ப்பாள், போன், அந்த இரண்டு மைல். எதற்கும் முழுப் பழியைச் சுமக்கும் பலம் கிடையாது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒவ்வொருத்தருக்கும் ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. யாராவது ஒருவன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று இருந்திருந்தால் அவனை வெறுத்துக்கொண்டே இந்தத் தம்பதி ஒற்றுமையாக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

எட்டு மாசம் ஆயிடுச்சே, இன்னுமா இப்படி இருப்பாங்க?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் அவர்களைத் திட்டுகிற தொனியில்தான் கேட்கிறார்கள். எட்டு மாதம் என்பது எதுவுமே இல்லை. 2022-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்தது, பெரியவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லவே குறைந்தது பன்னிரண்டு மாதம் கடந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அது ஆறு மாதம், அதுவும் அந்த ஊர் வழக்கப்படி இயல்பு என்று கருதப்படுவதைத் தாண்டிப் போனால் மட்டும். நம் பழக்கத்திலேயே ஒரு வருஷம் நல்ல காரியம் செய்ய மாட்டோம், தலைத்திவசம் முடிந்தால்தான் வீடு கொஞ்சம் மூச்சு விடும்.

ஆனால் எட்டு மாதத்தில் இன்னொன்று நடந்துவிடுகிறது, படம் அதைத்தான் பிடிக்கிறது. வந்து போனவர்கள் நின்றுவிடுவார்கள், சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், ஆபீசில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அப்புறம் வீட்டில் மிச்சம் இருப்பது இந்த இரண்டு பேர் மட்டும்தான்.

பெக்கா குழந்தையோட துணி, படம் எல்லாத்தையும் எடுத்துடறாளே, அவளுக்கு மனசே இல்லையா?

படத்தின் ஆரம்பத்தைத் திரும்பப் பாருங்கள். பெக்கா தோட்டத்தில் மண்டியிட்டுச் செடி நட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து ராத்திரி சாப்பாட்டுக்கு அழைக்கிறாள், பெக்கா ஏதோ சாக்குச் சொல்லி மறுக்கிறாள். அந்த அம்மாள் பேச்சு மும்முரத்தில் ஒரு செடியை மிதித்துவிடுகிறாள். பெக்கா ஒன்றும் சொல்வதில்லை, சிரித்து அனுப்பிவிட்டு நசுங்கிய செடியைப் பார்க்கிறாள். அவள் குணம் அத்தனையும் அதில் இருக்கிறது. பார்க்கும் இடமெல்லாம் டேனி, அதனால் பார்க்கும் இடத்தை மாற்றப் பார்க்கிறாள். பிரிட்ஜில் ஒட்டியிருந்த அவன் ஓவியங்கள் போகின்றன, துணிகளை மடித்துத் தானத்துக்குக் கொடுக்கிறாள், நாய் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது, அடுத்து வீட்டையே விற்கலாம் என்கிறாள்.

மறந்துவிட்டவள் இப்படிச் செய்ய மாட்டாள். மறக்க முடியாதவள்தான் இத்தனை சுத்தம் செய்வாள்.

ஹவி ஏன் தினமும் ராத்திரி அந்த வீடியோவையே பாக்கறான்? அதை அவ வேணும்னேதான் அழிச்சாளா?

ஹவிக்கு நேர் எதிர் வைத்தியம். வீட்டில் எல்லோரும் தூங்கியபின் சோபாவில் உட்கார்ந்து போனில் டேனியின் சின்ன வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்ப்பான். மகன் இருந்த இடத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும், அறை, பொம்மை, நாய் எதையும் தொடக் கூடாது. அவனுடைய போனை பெக்கா எடுத்துப் பயன்படுத்தப் போய் அந்த வீடியோ போய்விடுகிறது, அப்போதுதான் இருவரும் முதல்முறையாக வாய்விட்டுக் கத்திக்கொள்கிறார்கள்.

வேண்டுமென்றா என்றால், படத்தில் அது தவறுதலாக நடந்ததுதான். ஹவி அப்படி நம்பத் தயாராக இல்லை, நாய், துணி, ஓவியம், வீடு என்று வரிசையாகப் போனதைப் பார்த்தவனுக்கு இதுவும் அந்த வரிசையில் ஒன்றாகத்தானே தெரியும். சண்டையில் ஹவி சொல்வது அத்தனையும் தப்பு என்று சொல்ல முடியாது, பெக்கா திருப்பிக் கேட்பதும் அப்படித்தான்: ஒரு நொடியாவது அவன் என் கண்ணை விட்டுப் போகிறான் என்றா நினைக்கிறாய் என்கிறாள்.

அப்ப யார் பக்கம் நியாயம்?

கேட்பவர் ஆணாக இருந்தால் பெரும்பாலும் ஹவி பக்கம், பெண்ணாக இருந்தால் பெக்கா பக்கம் என்று நினைப்பீர்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லை, பொருட்களை வைத்திருக்கும் ஜாதி ஒன்று, தூக்கிப் போடும் ஜாதி ஒன்று, அவ்வளவுதான்.

1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷுட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் துக்கத்தைப் பற்றி எழுதியது எனக்கு இந்தப் படத்தைப் பார்க்க ரொம்ப உதவியது. இழந்தவரையே நினைத்துக்கொண்டிருப்பது ஒரு பக்கம், மாறிப்போன வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவது இன்னொரு பக்கம், மனுஷன் இரண்டுக்கும் நடுவில் போய்ப் போய் வருகிறான், அந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம் என்பது அவர்கள் வாதம். பெக்காவும் ஹவியும் ஆளுக்கொரு பக்கத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒருவருக்கு ஆறுதல் தருவது எதுவோ அதுவே அடுத்தவரைக் குத்துகிறது. அவன் வீடியோ பார்த்தால் அவளுக்கு வலி, அவள் துணியைக் கொடுத்தால் அவனுக்கு வலி. இரண்டு பேருமே மற்றவரைப் புண்படுத்த எதையும் செய்யவில்லை. இந்தக் கல்யாணத்தின் பிரச்சினையே இதுதான், மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள ஒரு தப்புகூட இல்லை.

அந்தக் குழுவுல கடவுளைப் பத்தி அப்படிப் பேசிட்டாளே, இது நாத்திகப் படமா?

பிள்ளையை இழந்த பெற்றோர் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. ஒரு தம்பதி, கடவுளுக்கு ஒரு தேவதை தேவைப்பட்டது, எங்கள் மகளை அழைத்துக்கொண்டார் என்கிறார்கள். பெக்கா பொறுக்க மாட்டாமல், அவர் கடவுள்தானே, இன்னொரு தேவதையை அவரே செய்துகொள்ள வேண்டியதுதானே என்று கேட்டுவிடுகிறாள். கூட்டம் உறைந்துபோகிறது. படம் அந்தத் தம்பதியைக் கேலி செய்வதில்லை, அவர்களுக்கு அந்த வாக்கியம் உயிர்பிடி. பெக்காவுக்கு அது எரிச்சல். "நல்லவங்களைத்தான் ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்குவான்" என்று நம் ஊரில் சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் தாயின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும்.

இப்படிப்பட்ட பெற்றோர் குழுக்கள் அங்கே நிஜமாகவே பரவலாக உண்டு. அவற்றில் பெரியது கம்பாஷனட் ஃபிரண்ட்ஸ் என்ற அமைப்பு, 1969-ல் இங்கிலாந்தின் காவென்ட்ரியில் தொடங்கி அமெரிக்காவுக்குப் போனது. படத்தில் வருவது அந்த அமைப்பு அல்ல, கற்பனைக் குழு.

சூப்பர் மார்க்கெட்ல யாரோ ஒரு பொம்பளையை அறையறாளே, அது ஓவர் இல்லையா?

ஓவர்தான். மிட்டாய் கேட்டு அழும் பையனைக் கண்டுகொள்ளாத ஓர் அம்மாவிடம் வலியப் போய் வாக்குவாதம் செய்து, கடைசியில் கன்னத்தில் ஒன்று வைக்கிறாள். எனக்கும் இந்த இடம் கொஞ்சம் உறுத்தும். மூல நாடகத்தில் இது மேடையில் நடப்பதில்லை, நடந்ததாகச் சொல்லக் கேட்கிறோம், அப்படிக் கேட்பதில் இருக்கும் சங்கடமும் சிரிப்பும் நேரில் பார்க்கும்போது போய்விடுகிறது. ஆனால் கோபத்தின் கணக்குச் சரிதான். கேட்பதற்கு ஒரு பிள்ளை இருக்கிறான், வாங்கிக் கொடுக்க அம்மாவும் இருக்கிறாள், அவள் காதில் வாங்காமல் நிற்கிறாள். பெக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அவ அம்மா சும்மா சும்மா செத்துப்போன தன் மகனைப் பத்தியே பேசறாங்களே, எரிச்சலா இருந்துச்சு.

பெக்காவுக்கும் அதே எரிச்சல்தான். அம்மா நாட் (டயான் வீஸ்ட்) தன் முப்பது வயது மகன் ஆர்தரை இழந்தவள், போதைக்கு அடிமையாகிச் செத்தவன். நானும் இதைத் தாண்டி வந்தவள்தான் என்று அவள் ஆரம்பித்தாலே பெக்கா, நாயைத் துரத்திப் போன நாலு வயதுக் குழந்தையோடு அவனை ஒப்பிடாதே என்று வெட்டிவிடுவாள். குரூரமான வார்த்தை. துக்கத்திலும் உசத்தி தாழ்த்தி பார்க்கிறோம் என்பதை யாரும் இவ்வளவு வெளிப்படையாகப் படத்தில் வைத்து நான் பார்த்ததில்லை.

அதற்கான பதில் பிற்பாடு வருகிறது, டேனியின் பொருட்களை வீட்டுக்கு அடியில் இருக்கும் அறையில் அடுக்கும்போது. இது எப்போதாவது போகுமா என்று பெக்கா கேட்கிறாள். போகாது, மாறும், என்கிறாள் அம்மா. சட்டைப் பையில் கிடக்கும் செங்கல் மாதிரி ஆகிவிடும், சில நேரம் மறந்தே போகும், அப்புறம் ஏதோ எடுக்கக் கை விட்டால் அங்கேயே இருக்கும், ஆனால் மகனுக்குப் பதில் கையில் மிச்சம் இருப்பது அதுதான் என்பதால் அதையும் விட மனசு வராது என்று விளக்குகிறாள். பத்து வருஷத்துக்கும் மேலாகச் சுமந்தவள் பேச்சு. உபதேசம் பண்ணுகிற குரலே அதில் வராது. படம் மொத்தமும் மறந்தாலும் வீஸ்ட் அந்த வரிகளைச் சொல்லும் விதம் மறக்காது.

தன் குழந்தையைக் கொன்ன பையனைப் போய் எந்த அம்மாவாவது பார்ப்பாளா? நம்பவே முடியல.

மேலே விபத்துப் பற்றிச் சொன்னதை வைத்துக்கொண்டு யோசியுங்கள், "கொன்ன" என்ற வார்த்தையே அங்கே சரியாக உட்காராது. அவனைப் பள்ளிப் பேருந்தில் தற்செயலாகப் பார்த்துப் பின்தொடர்ந்து போகிறாள். அவன் நூலகத்தில் திருப்பிக் கொடுத்த புத்தகத்தையே எடுத்து வந்து படிக்கிறாள். அப்புறம் பூங்கா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், ஊர்க்கதை, படிப்பு, அவன் வரையும் காமிக்ஸ். ஜேசனாக நடித்த மைல்ஸ் டெல்லருக்கு இதுதான் முதல் பெரிய படம், அந்தப் பையன் எங்கே பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிப்பதைப் பாருங்கள்.

ஏன் போகிறாள்? குழுவில் எல்லோரும் வசனம் வைத்திருக்கிறார்கள், வீட்டில் கணவன் கண்ணைப் பார்த்தாலே குற்றம் சாட்டுவது போல இருக்கிறது. அந்தக் கணத்தில் டேனியோடு தெருவில் இருந்தவன் உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான். இவனிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் அவன் பள்ளி முடிக்கும் வருஷத்து நடன விருந்துக்கு உடுத்திக்கொண்டு நண்பர்களோடு கிளம்புவதைக் காரில் இருந்து பார்த்துவிட்டு பெக்கா உடைந்து அழுகிறாள். படத்தில் அவள் தேக்கிவைத்த அழுகை அங்கேதான் வருகிறது. டேனிக்குப் பதினெட்டு வயது வரப்போவதில்லை என்று படத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த இணை உலகம் மேட்டர் உண்மையிலேயே சயின்ஸா?

ஜேசனின் காமிக்ஸில் ஒரு பையன் தன் விஞ்ஞானி அப்பாவைத் தேடி ஒரு துளை வழியாக வேறு வேறு உலகங்களுக்குப் போகிறான், அங்கெல்லாம் இதே மனிதர்கள் வேறு விதமாக வாழ்கிறார்கள். படத்தில் தெரியும் பக்கங்களை வரைந்தவர் டேஷ் ஷா என்ற காமிக்ஸ் கலைஞர்.

இணை உலகம் என்றதும் பலர் ஹ்யூ எவரெட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1957-ல் குவாண்டம் இயற்பியலில் சொன்ன, உலகம் கிளை கிளையாகப் பிரிகிறது என்ற கருத்தை நினைத்துக்கொள்கிறார்கள். ஜேசன் சொல்வது அதைவிட எளிமையானது: வெளி முடிவில்லாதது என்றால், நடக்கச் சாத்தியமுள்ள எல்லாமே எங்கேயாவது நடந்துகொண்டுதான் இருக்கும், நம்மைப் போலவே இருக்கும் நாமும் எங்கேயோ இருப்போம். வெளி முடிவில்லாததா என்பது இன்னும் திறந்த கேள்வி, ஆகவே நிரூபித்த அறிவியல் என்று சொல்ல முடியாது, அபத்தம் என்று தள்ளவும் முடியாது.

பெக்காவுக்கு அது போதும். தேவதைக் கதை எடுபடாத அவளுக்கு இது எடுபடுகிறது, ஏனென்றால் இதில் டேனியை யாரும் எதற்காகவும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கேயோ ஒரு பெக்கா இப்போது அப்பம் சுட்டுக்கொண்டு சந்தோஷமாக இருப்பாள், இங்கே இருப்பது சோகமான பதிப்பு, அவ்வளவே. மேலே வந்த கடவுள் காட்சியையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இதுவும் ஒரு நம்பிக்கைதான் என்று தெரியும், அவள் மனசுக்கு ஒத்துவந்த நம்பிக்கை.

ஹவிக்கும் அந்த கேபிக்கும் ஏதாவது நடந்துச்சா இல்லையா?

இல்லை. குழுவில் பழக்கமான கேபியோடு (சாண்ட்ரா ஓ) கூட்டத்துக்குப் போவதற்குப் பதில் கஞ்சா புகைத்துவிட்டு விளையாட்டுக்கூடத்தில் பந்து உருட்டுகிறான், வீட்டில் தொலைந்துபோன சிரிப்பு அங்கே கிடைக்கிறது. அவள் வீட்டு வாசல் வரை போய்விட்டு, தன் மனைவியைத்தான் நேசிக்கிறேன் என்று திரும்பிவிடுகிறான்.

படத்தில் எனக்கு ஆகக் குறைவாகப் பிடித்த பகுதி இது. நடிப்பில் குறையில்லை, ஆனால் மனைவி விலகினால் கணவன் இன்னொருத்தியைப் பார்ப்பான் என்ற பழைய தடத்தில் கொஞ்ச நேரம் கதை போய்விட்டுத் திரும்புகிறது. ஜேசனைப் பெக்கா ரகசியமாகச் சந்திப்பதும், கேபியை ஹவி ரகசியமாகச் சந்திப்பதும் ஒன்றுக்கொன்று ஈடு என்று வைத்திருக்கிறார்கள் போல. பெக்காவின் ரகசியம்தான் பெரியது.

இந்த மாதிரி ஆனா எண்பது தொண்ணூறு சதவீதம் பேர் விவாகரத்து பண்ணிடுவாங்களாமே?

இதைப் பலர் நிச்சயமான புள்ளிவிவரம் போலச் சொல்கிறார்கள், டாக்டர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். இதன் வேர் 1977-ல் ஹாரியட் சார்னாஃப் ஷிஃப் எழுதிய ஒரு புத்தகம் என்கிறார்கள், பிள்ளையை இழந்த தாயான அவர் தொண்ணூறு சதவீதம் வரை மணவாழ்க்கை சிக்கலுக்குள்ளாகிறது என்று எழுத, அது பரவிப் பரவி விவாகரத்துக் கணக்காகவே ஆகிவிட்டது. மேலே சொன்ன கம்பாஷனட் ஃபிரண்ட்ஸ் 1999-ல் எடுத்த கணக்கெடுப்பில் விவாகரத்து 12 சதவீதம், 2006-ல் 16 சதவீதம். அதிலும் பாதிப்பேருக்கு மேல் பிள்ளையின் சாவு அதற்குக் காரணம் இல்லை என்றார்கள். ஓர் அமைப்பு எடுத்த கணக்கெடுப்புதான் என்பதால் அதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஆனால் எண்பது தொண்ணூறுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

ஏற்கெனவே நொறுங்கிப்போன தம்பதியிடம் போய் இந்தப் பொய்க் கணக்கைச் சொல்வது பெரிய பாவம்.

இன்னொரு குழந்தை பெத்துக்கிட்டா எல்லாம் சரியாயிடும்ல?

ஹவி இதைத்தான் கேட்கிறான், கேட்ட ராத்திரி வீட்டில் பூகம்பம். ஹவிக்கு அது வாழ்க்கை திரும்பத் தொடங்குவது, பெக்காவுக்கு டேனியின் இடத்தில் ஆள் போடுவது. இதற்கு நடுவில் திட்டமே இல்லாமல் இஸ்ஸி கர்ப்பமாகிறாள், டேனியின் துணிகளைத் தங்கைக்குக் கொடுக்க பெக்கா முன்வருகிறாள். யோசித்துப் பாருங்கள், இஸ்ஸி தயங்குவதில் நியாயம் இருக்கிறதா இல்லையா.

நம்ம ஊரா இருந்தா சொந்தக்காரங்க விட்டுடுவாங்களா? அங்க யாருமே வரலையே.

அங்கேயும் ஆள் இருக்கிறது, அம்மா, தங்கை, பக்கத்து வீடு. ஆனால் நெருங்கிய சிநேகிதக் குடும்பம் ஒன்று விபத்துக்கப்புறம் போன்கூடச் செய்யவில்லை, என்ன பேசுவது என்று தெரியாத பயம். அதில் நாம் ஒன்றும் உசத்தி இல்லை. நம் பக்கத்திலும் பல சமூகங்களில் பச்சைக்குழந்தை, சின்னக்குழந்தை இறந்தால் பெரிய காரியங்கள் கிடையாது, புதைத்துவிட்டு வந்து, அதோடு பேச்சையும் நிறுத்திவிடுவார்கள். "வயசிருக்கு, அடுத்தது பிறக்கும்" என்பதுதான் அந்தத் தாய்க்குக் கிடைக்கும் துக்க விசாரிப்பு.

கடைசியில சேர்ந்துட்டாங்களா? எனக்கு முடிவே புரியல.

பெரிய சமாதானம் எதுவும் நடக்கவில்லை. வீட்டை விற்கவில்லை, நாய் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பேசாமல் போன சிநேகிதர்களைத் தோட்டத்து விருந்துக்குக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறார்கள். என்ன செய்வோம் என்று ஹவி வரிசையாகச் சொல்கிறான்: அவர்கள் குழந்தைகளுக்குப் பரிசு வாங்குவோம், நலம் விசாரிப்போம், யாராவது டேனியைப் பற்றிப் பேச்செடுக்கும் வரை காத்திருப்போம். அப்புறம் என்ன என்றால், தெரியவில்லை, ஏதாவது ஒன்று, என்கிறான். விருந்தும் நடக்கிறது, எல்லோரும் போனபின் இரண்டு பேரும் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிரிய மாட்டார்களா என்று என்னிடம் உத்தரவாதம் கேட்காதீர்கள். நான் கவனித்தது வேறு. அவரவர் பக்கத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள் என்றேனே, முடிவில் டேனியின் பொருட்களை வீட்டை விட்டு அனுப்பாமல் பெட்டியில் அடுக்கிக் கீழே வைக்க பெக்கா சம்மதிக்கிறாள், ஹவி குழுவுக்கும் கேபிக்கும் போவதை நிறுத்தி நாலு பேரை வீட்டுக்கு அழைக்கத் திட்டம் போடுகிறான். ஆளுக்கு ஓர் அடி நகர்ந்திருக்கிறார்கள்.

எங்களுக்குத் தெரிஞ்ச வீட்டுல சமீபத்துல இப்படி ஆயிடுச்சு. அவங்களுக்கு இந்தப் படத்தை அனுப்பலாமா?

இப்போது வேண்டாம். அவர்களாகக் கேட்டால் கதையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குழந்தையின் அறையும் துணிகளும் அடிக்கடி வரும் என்பதையும் சேர்த்து. தூங்க முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் படத்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மனாஸ் என்ற அரசு உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மற்றபடி நேரில் போங்கள், குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், பாத்திரம் கிடந்தால் கழுவுங்கள். "இந்தப் படம் பாருங்க, அப்படியே உங்க கதை" என்று ஒரு செய்தி மட்டும் தட்டிவிடாதீர்கள். பெக்காவுக்கு யாராவது அப்படி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சூப்பர் மார்க்கெட் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.